சீலிங் அக்காவின் நேரான தலை

விருந்தாளி வீட்டுக்குள் வந்தால் எதைப் பார்ப்பார்? நாற்காலியைப் பார்ப்பார், திரைச்சீலையைப் பார்ப்பார், கொஞ்சம் பொல்லாதவராக இருந்தால் மூலையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்ப்பார். தலையை நிமிர்த்தி, "அடடா, என்ன மாதிரி சீலிங்!" என்று வாயைப் பிளந்த விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை. யாரும் பார்க்காத அந்த இடத்துக்குத்தான் இருபத்திரண்டு வருடமாக வெள்ளை அடித்துவந்தாள் சீலிங் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

சுவரில் தப்பு செய்தால் ஒரு படத்தை மாட்டி மறைத்துவிடலாம். சீலிங்கில் எதை மாட்டுவது? அதுவும் ஒரு முறை ரோலரை வைத்துவிட்டால், அடித்த விளிம்பு காய்வதற்குள் அடுத்த வரிசை வந்து சேர்ந்தாக வேண்டும். நடுவில் இறங்கித் தேநீர் குடித்தீர்களோ போச்சு, மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்த இடத்தில் ஒரு கோடு பல்லை இளிக்கும். அதனால் இந்தச் சுவரில் தொடங்கினால் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அக்காவின் குணமும் ஏறக்குறைய அப்படித்தான். பேச்சைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தமாட்டாள், சிரிப்பைத் தொடங்கினாலும் அப்படியே.

அவளுடைய கோஷ்டியில் அவளோடு சேர்த்து நான்கு பேர். மீசை, வாத்தியார், குள்ளம்மா, அவள். மீசைக்கு மீசை உண்டு. வாத்தியார் ஒரு காலத்தில் உண்மையாகவே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகளைவிடப் பெயிண்ட் சொன்னபடி கேட்கிறது என்று இங்கே வந்துவிட்டார். குள்ளம்மா ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.

தினமும் காலையில் சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "தலை?" என்று கேட்பார். "நேரா இருக்கு!" என்று பதில் வர வேண்டும். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆள் "இன்னிக்குக் கொஞ்சம் சுத்துது" என்று வாயைக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு அவனைக் கீழே உட்காரவைத்தார்கள். மறுநாள் அவனைக் கூப்பிடவே இல்லை. அன்றோடு எல்லோருடைய தலையும் நேராகிவிட்டது. காய்ச்சல் வந்தவன் தலை நேரா இருந்தது, ராத்திரி முழுக்கத் தூங்காதவன் தலை நேரா இருந்தது. பிறகு அக்காவே மேஸ்திரி ஆனாள். அவளும் தினமும் கேட்டாள், அவர்களும் தினமும் சொன்னார்கள். கேட்பவளுடைய தலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

அது இரண்டு வருடமாக நேராக இல்லை.

முதலில் வலது காது மந்தமானது. அந்தப் பக்கம் போனை வைத்தால் யாரோ தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. அக்கா போன் கம்பெனிக்காரனைத் திட்டினாள். போனை மாற்றினாள், புதுக் கம்பெனிக்காரனையும் திட்டினாள். அப்புறம் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பினால் சீலிங் ஒரு சாண் நழுவிப் போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்துவைத்திருந்தாள். ஏறியதும் முதல் வேலையாகப் பென்சிலால் மேலே ஒரு பெருக்கல் குறி போடுவாள். நழுவுகிற நேரத்தில் கண்ணால் அந்தக் குறியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். சீலிங் நின்றதும் அதன்மேல் வெள்ளையை உருட்டிவிட்டு அடுத்த குறிக்குப் போவாள். அளவுக்குத்தான் குறி போடுகிறாள் என்று கோஷ்டி நினைத்துக்கொண்டது. வாத்தியார் மட்டும், அந்த அளவு எந்தக் கணக்கிலும் வரவில்லையே என்று கொஞ்ச நாள் மண்டையைக் குடைந்துகொண்டார்.

விஷயம் வெளியே வந்தது அவளுடைய வீட்டுக்காரரால். அவர் ஒரு கண்ணாடிச் சாமான் கிடங்கில் பொதி கட்டுகிறவர். கிண்ணம், குவளை, விளக்குக் குடுவை எதுவானாலும் காகிதம் சுற்றி, பஞ்சு வைத்து, நாலு மூலையிலும் அட்டை முட்டுக் கொடுத்து, மேலே சிவப்பு எழுத்தில் 'உடையும் பொருள்' என்று ஒட்டி அனுப்புவார். இருபத்தாறு வருடத்தில் அவர் கட்டிய பெட்டியில் ஒரு குவளைகூட உடைந்ததாகப் புகார் வந்ததில்லை. படுக்கையில் அவர் அக்காவுக்கு வலது பக்கம் படுப்பவர். மூன்று மாதமாக அவர் பேசினால் பதிலே இல்லை. கோபம் போலிருக்கிறது என்று அவர் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அப்போதும் பதில் இல்லை. துணி மடித்தார், அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிவந்தார், கடைசியில் அழாத குறையாக அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் அப்படி என்னதான் தப்பு பண்ணேன்? அதையாவது சொல்லேன்!"

"தப்பா? நீங்கதான் மூணு மாசமா தங்கமா இருக்கீங்களே. என்ன ஆச்சுன்னு நானே கேக்கலாம்னு இருந்தேன்."

மறுநாளே அவளைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். காது டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி, சுண்டைக்காய் அளவுக்கு. புற்று இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். இவ்வளவையும் கேட்ட பிறகு வீட்டுக்காரர் முதலில் சொன்னது, "அப்போ எம்மேல கோபம் இல்லையா!" என்பதுதான். டாக்டரே சிரித்துவிட்டார்.

அறுவை சிகிச்சை செய்யப்போகிற பெரிய டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "அந்தப் பக்கம் காது கேக்காது. சாயாம நிக்கிற நிதானத்துக்குன்னு ஒரு நரம்பு இருக்கு, அந்தப் பக்கம் அதுவும் போயிடும். முதல்ல தலை பயங்கரமா சுத்தும். அப்புறம் மூளை மத்தப் பக்கத்தை வெச்சே சமாளிக்கக் கத்துக்கும். நிறைய பேருக்குச் சில வாரத்துல சரியாகும். சில பேருக்கு அது போகாமலே தங்கிடும்."

அக்காவுக்குக் காதைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு காது போதும், பேசுவதுதானே முக்கியம். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி.

"ஏணி ஏற முடியுமா டாக்டர்?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஊர் நூலகத்தின் வாசிப்பு மண்டபம். நாற்பது அடி நீளம், வளைந்த சீலிங், அறுபது வருடத்துத் தூசி. நூலகத்தை வருடத்துக்கு இரண்டு வாரம் மூடுவார்கள். அந்த இரண்டு வாரத்தில் அதை அடித்துக்கொடுக்கிற வேலை அக்காவுக்குக் கிடைத்திருந்தது. ஜனங்கள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி யோசிக்கிற இடம் அது. அதாவது, மேலே பார்க்கிற இடம்! இருபத்திரண்டு வருடத்தில் நாலு பேர் பார்க்கப்போகிற முதல் சீலிங். அறுவை முடிந்து நாலு மாதத்தில் வேலை தொடங்க வேண்டும். ஏற முடியாவிட்டால் கீழே நின்று அண்ணாந்து கத்துகிற மேஸ்திரியாகத்தான் காலம் தள்ள வேண்டும். அந்த மாதிரி மேஸ்திரிகளை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

"யாருக்குத் தங்கும், யாருக்குப் போகும்னு முன்கூட்டியே ஓரளவு கணிக்கிறதுக்குக் கீழ ஒருத்தர் இருக்காங்க. அவங்களைப் பாருங்க" என்றார் டாக்டர்.

தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி தொங்க, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி முழுக்க அவரைக் கேள்வித்தாள் அம்மா என்றுதான் சொன்னார்கள். மேசைமேல் இரண்டு அடுக்கு, ஒன்று பச்சை அட்டை, ஒன்று மஞ்சள் அட்டை. அறுவைக்குப் பிறகு தானே தேறிவிடுவார் என்று தோன்றினால் பச்சை. தலைசுற்றல் தங்கிவிடலாம் என்று தோன்றினால் மஞ்சள்; அவர்களை அறுவைக்கு முன்பிருந்தே கூப்பிட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். எல்லோருக்கும் கொடுக்கத்தான் ஆசை, ஆனால் இருந்தது அந்த அம்மாவின் இரண்டு கைகள் மட்டும்.

முதலில் காதுக்குள் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் குளிர்ந்த தண்ணீர். இடது காதில் விட்டபோது அறையே ராட்டினமாகச் சுற்றியது. வலது காதில் விட்டபோது லேசாக அசைந்ததோடு சரி.

"இந்தக் காது பாதித் தூக்கத்துல இருக்கே" என்று முணுமுணுத்துவிட்டு, அந்த அம்மா கேள்வித்தாளை எடுத்தார். இருபத்தைந்து கேள்விகள்.

"மேல பாத்தா தலை சுத்துதா?"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ தெரியவில்லை. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்கு எதிரே மேசை இல்லை, சாரம்தான் இருந்தது.

"இல்லை."

"சட்டுனு திரும்பினா?"

"இல்லை."

"ஏணி, மாடிப்படி ஏறும்போது பயம்?"

"எனக்கா? இல்லை."

இருபத்தைந்துக்கும் இல்லை. கேள்வித்தாள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஒரு தடவை பார்த்தார், கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தார். பிறகு பச்சை அட்டையை எடுத்தார். அக்கா வாசலுக்கு வந்து, பரீட்சையில் முதலாவதாக வந்தவள் மாதிரி வீட்டுக்காரரிடம், "பச்சை!" என்றாள். அன்று சாயங்காலமே மீசைக்கும் வாத்தியாருக்கும் குள்ளம்மாவுக்கும் போன் போட்டு, "பச்சை, பச்சை" என்று சொல்லியாகிவிட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கண்ணைத் திறந்தபோது கட்டில் கப்பலாகி இருந்தது. வாந்தி, மறுபடியும் வாந்தி. இது எல்லோருக்கும் வருவதுதான், மெதுவாக எழுந்து நடமாடுங்கள் என்று சொல்லி எட்டாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

'நடமாடுங்கள்' என்ற அந்த ஒரு சொல் வீட்டுக்காரர் காதில் ஏறவே இல்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் கட்டுப் போட்ட ஒரு தலை, அதுவும் ஆடுகிற தலை. ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் ஒரு தலையணை, அந்தப் பக்கம் ஒரு தலையணை, கழுத்துக்குக் கீழே சுருட்டிய துண்டு, காலடியில் மடித்த போர்வை. கதவு அடித்தால் அதிரும் என்று கதவுக்கும் அட்டை முட்டுக் கொடுத்தார். நீட்டிய கைக்குத் தண்ணீர் வந்தது, திறந்த வாய்க்குக் கரண்டி வந்தது. கிடங்கில் விடுப்புப் போட்டுவிட்டு அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். உலகத்தில் எந்தக் குவளைக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்காது.

அக்கா படுத்தபடியே தன் வீட்டுச் சீலிங்கைப் பார்த்தாள். அவள் கையால் அடித்தது. கண்ணை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் ஓடியது. இரண்டு வாரம் ஆனது, ஓடியது. நாலு வாரம் ஆனது, அப்போதும் ஓடியது. கோஷ்டி பார்க்க வந்தது. குள்ளம்மா குனிந்து, "அக்கா, தலை?" என்றாள். இரண்டு தலையணைகளுக்கு நடுவிலிருந்து, "நேரா இருக்கு" என்று பதில் வந்தது. அவர்கள் போன பிறகு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். நூலகம் கைவிட்டுப் போகிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது.

ஆறாவது வாரம் பரிசோதனைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் அவளை இரண்டு கையாலும் அணைத்து, ஒரு அடிக்கு ஒரு தடவை நின்று, நடைபாதையில் நகர்த்திக்கொண்டு வந்தார். எதிரே வந்த கேள்வித்தாள் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க பச்சையாச்சே!"

உள்ளே போய் அட்டையை எடுத்தார், புரட்டினார். "எல்லாத்துக்கும் இல்லை. ஒரு புகாரும் கிடையாது. உடம்புல தெம்பு இருக்கு, மனசுல தைரியம் இருக்கு. இந்நேரம் நீங்க நடந்து வரணும். எங்கே தப்பு பண்ணேன்?" அவர் முகம் வாடிப்போனது. "இருபது வருஷமா இதைத்தான் பாக்குறேன். தப்பு வரும், வராதுன்னு சொல்லல. ஆனா இவ்வளவு தப்பா வந்ததில்லை."

தன்னைத் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். வேலை தெரிந்த ஒருத்தி தன் வேலையையே சந்தேகப்படுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. அடியில் மட்டமான பட்டி பூசிய சுவரில் பெயிண்ட் உரிந்தால் பெயிண்ட் அடித்தவளைத்தானே குறை சொல்வார்கள்? அந்த அநியாயம் அவளுக்குத் தெரியும். இங்கே மட்டமான பட்டி பூசியவள் அவளேதான்.

"மேடம், உங்க மேல தப்பு இல்லை. நான்தான் பொய் சொன்னேன்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கீழே உட்காரவைத்த ஆள், காலைக் கேள்வி, நழுவும் சீலிங், பென்சில் குறி, இரண்டு வருடம் எல்லாம் வந்து விழுந்தன.

கேள்வித்தாள் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்குக் காது குத்துறீங்க? எனக்கா? காதை வெச்சே பிழைக்கிறவ நான்!" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு புதுத் தாளை எடுத்து மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை பத்தொன்பது கேள்விக்கு 'ஆமாம்' வந்தது. ஒவ்வொரு ஆமாமுக்கும் அக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியது. இருபத்திரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த வாளியை யாரோ வாங்கிக் கீழே வைத்ததுபோல இருந்தது.

அட்டை மஞ்சளுக்கு மாறியது.

"அப்போ எனக்கு இது தங்கிடுமா?" என்று கேட்டாள்.

"முன்னாடியே சுத்தல் இருந்தவங்களுக்குத் தங்க வாய்ப்பு அதிகம். அதை மறைக்க மாட்டேன். ஆனா மஞ்சளுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? நான் உங்களை விடறதா இல்லை. ஆறு வாரம் வீணாப் போச்சு, நாளையிலேர்ந்து வாங்க." பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க வீட்ல?"

அவர் பெருமையோடு சொன்னார், தலையணை, துண்டு, கதவு முட்டு வரைக்கும்.

"ஐயா! ஆடாம வெச்சா மூளைக்கு எப்படிப் பழகும்? ஆட்டணும்! தலையை ஆட்டணும், திருப்பணும், குனியணும், நிமிரணும். சுத்தச் சுத்தத்தான் அது கத்துக்கும்."

"ஆட்டணுமா?" வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், இருபத்தாறு வருஷமா ஆடாம வெக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அறைக்குள் முதலில் சிரித்தது அக்காதான். சிரித்ததில் தலை சுற்றியது. சுற்றியதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

மறுநாள் பயிற்சி. "கட்டை விரலை முன்னாடி நீட்டுங்க. கண்ணு அதுலயே இருக்கட்டும், தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டுங்க."

அக்கா விரலைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். "இது என் பென்சில் குறியாச்சே!"

"அதேதான். யாரும் சொல்லிக்கொடுக்காம ரெண்டு வருஷமா பாதிப் பயிற்சியை நீங்களே பண்ணியிருக்கீங்க. முதல்லயே அதைச் சொல்லியிருந்தா உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடியிருப்பேன்."

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. கதவில் குறி, குளிர்பெட்டியில் குறி, குளியலறைக் கண்ணாடியில் குறி. தலையணைகள் அலமாரிக்குள் போயின. அடைத்துக் காத்த மனிதர் இப்போது ஆட்டிவைப்பதில் இறங்கிவிட்டார். "இன்னும் பத்து! நேத்து முப்பது பண்ணே, இன்னிக்கு நாப்பது!" என்று கடிகாரத்தோடு நின்றார். விரல் வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, கிடங்கிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சீட்டு ஒன்றைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் 'உடையும் பொருள்' என்று எழுதியிருந்தது. அக்கா அதையே முறைத்துப் பார்த்தபடி இடமும் வலமும் தலையை ஆட்டினாள். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, ஏதோ பெரிய சண்டை, மனுஷன் கெஞ்சுகிறார், இவள் முடியாது முடியாது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் செய்துவைக்க வந்துவிட்டாள். நெற்றிச் சீட்டைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லா நாளும் சிரிப்பாக இல்லை. நேற்றைவிட மோசமான நாட்கள் வந்தன. தெருவில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்ற நாள் உண்டு. ஆனால் பத்தாவது வாரம் கை பிடிக்காமல் நடந்தாள். பதிமூன்றாவது வாரம் கேள்வித்தாள் அம்மா பிடித்திருக்க, ஏணியில் மூன்று படி ஏறினாள். பதினைந்தாவது வாரம் வீட்டுச் சீலிங் ஓடுவது நின்று, வெறுமனே நகர்ந்தது.

"சரியாயிடுச்சா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"எண்பது சதம்" என்றார் கேள்வித்தாள் அம்மா. "மிச்சம் இருபது இவங்களோடயே இருக்கலாம். இனி ஏறும்போது இடுப்புல கயிறு, தப்பாம. அப்புறம், கூட இருக்கிறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அது இல்லாம நான் ஏற விடமாட்டேன்."

நூலகம் மூடிய முதல் நாள் காலை. மேசைகளுக்கெல்லாம் துணி போர்த்தியிருந்தது. சாரம் கட்டியாகிவிட்டது. உயரத்து ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் அந்தப் பழைய சீலிங்கின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நாலு மாதமாகப் பொறுப்பில் இருந்த மீசைதான் அன்று கேட்டார்.

"வாத்தியார், தலை?"

"நேரா இருக்கு!"

"குள்ளம்மா?"

"நேரா இருக்கு!"

"அக்கா, தலை?"

இருபத்திரண்டு வருடப் பழக்கம் நாக்கின் நுனி வரை வந்து நின்றது. சொல்லிவிட்டால் ஏறிவிடலாம். சொல்லாவிட்டால், அன்றைக்கு உண்மை சொன்ன ஆளைக் கீழே உட்காரவைத்தார்களே, அந்த இடம்தான் அவளுக்கும். அக்கா சாரத்தைப் பார்த்தாள். இது வேண்டும், ரொம்ப வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"நேரா இல்லை" என்றாள். "மேல பாத்துட்டுத் திரும்பினா கொஞ்சம் சாயுது. ரெண்டு வருஷமாவே சாயுது, உங்ககிட்ட மறைச்சேன். இனிமே முழுசா போகாதுன்னு சொல்றாங்க. கயிறு கட்டிட்டு, குறி போட்டுட்டு ஏற முடியும். வேணாம்னு நீங்க சொன்னா கீழ நிக்கிறேன்."

மீசை தன் மீசையைத் தடவினார். வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

"அப்படிப் பாத்தா... எனக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரை மாத்தினதுலேர்ந்து காலையில ஒரு மணி நேரம் கிறுகிறுன்னு இருக்கு."

"எனக்கு இடது முழங்கால் திடீர்னு வேலை செய்யாது" என்றாள் குள்ளம்மா. "ஏழு மாசமா."

எல்லோரும் மீசையைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு உடம்புல ஒண்ணும் இல்லை" என்றார். "உயரம்னாலே பயம். அவ்வளவுதான். பதினோரு வருஷமா."

அக்காவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அந்த வெற்று மண்டபத்தில் நாலு பேர் சிரித்த சிரிப்பைக் கேட்டு நூலகர் ஓடிவந்து, பழக்கதோஷத்தில் உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்றார். இத்தனை வருடமும் ஒரு நேரான தலைகூட இல்லாமல் எத்தனை சீலிங் அடித்திருக்கிறார்கள்!

அப்புறம் வேலையைப் பங்கிட்டார்கள். மீசைக்குச் சுவர் ஓரத்துத் தாழ்ந்த வளைவு, பெயிண்ட் கலக்குவது. வாத்தியார் பத்து மணிக்கு மேல்தான் ஏறுவார். குள்ளம்மா உச்சிப் பலகைக்கு வரவேண்டாம். அவள் உயரத்துக்கு அடுத்த பலகையே போதும். நாலு பேருக்கும் இடுப்பில் கயிறு. உச்சியில், நடுவில், அக்கா.

ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். மேலே போய், பென்சிலை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தன் குறியைப் போட்டாள். மண்டபம் சாய்ந்தது. குறியைப் பிடித்தாள். மண்டபம் நின்றது. ரோலர் உருண்டது.

பதினோராவது நாள் கடைசி வரிசை எதிர்ச் சுவரைத் தொட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த வீட்டுக்காரர் மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் குனிந்து பெட்டி கட்டியவர், அவ்வளவு பெரிய வெள்ளையை அவ்வளவு உயரத்தில் பார்த்ததே இல்லை. கால் பின்னியது. ஒரு கை காற்றில் எதையோ தேடியது.

"ஐயோ, எனக்குத் தலை சுத்துது!"

"சீலிங்கைப் பாக்காதீங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "என்னைப் பாருங்க. இங்க, என் நெத்தியை."

பெயிண்ட் தெறித்த தொப்பியின் முன்பக்கத்தில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. 'உடையும் பொருள்'. அவர் அதையே பார்த்தார். மெல்ல மெல்ல மண்டபம் நின்றது. தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், "எப்போ இறங்கி வருவே?" என்று கேட்டார்.

"இருங்க, இன்னும் கொஞ்ச நேரம் இங்க இருந்துக்கிறேன்" என்றாள் அக்கா.